பழி எல்லாம் நாற்பது கால் ஐசி மேல்

1999 அக்டோபரில் தோஷிபா நிறுவனம் அமெரிக்காவில் தன்மீது இருந்த ஒரு வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது. அதற்காக அது கணக்கில் எழுதிய செலவு ஏறத்தாழ 100 கோடி டாலர். டெக்சாஸ் மாநிலம் போமான்ட் நகர நீதிமன்றத்தில் தொடரப்பட்ட அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றது, லட்சக்கணக்கான மடிக்கணினிகளுக்குள் இருந்த ஃப்ளாப்பி கட்டுப்பாட்டு ஐசி. ஒரு செக்டரை எழுதும்போது கடைசி பைட் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தால், அந்த ஐசி தவறான பைட்டை எழுதிவிட்டு, பிழை எதுவும் இல்லை என்று கணினிக்குச் சொல்லிவிடும் என்பது புகார். தவறை தோஷிபா ஒப்புக்கொள்ளவில்லை. இதனால் தரவு இழந்தேன் என்று எந்த வாடிக்கையாளரும் வந்ததில்லை என்றது. ஆனாலும் பணத்தைக் கொடுத்தது.

அந்த ஐசியின் மூதாதை, என்இசி நிறுவனம் 1970களின் கடைசியில் வெளியிட்ட 765. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் ஃப்ளாப்பி அட்டையில் ஏறி உலகம் சுற்றியது அதுதான். இன்டெல் அதையே 8272 என்ற எண்ணில் செய்தது. இதே வேலைக்கு வெஸ்டர்ன் டிஜிட்டல் 1976இல் கொண்டுவந்த 1771, அதன்பின் வந்த 179x, 177x வரிசைகள் இன்னொரு பெரிய குடும்பம். இன்று ஹார்டு டிஸ்க் என்றதும் நினைவுக்கு வரும் அந்த நிறுவனத்துக்கு, வீட்டுக் கணினி உலகில் முதலில் பெயர் வாங்கித் தந்தவற்றுள் இந்த ஐசிகள் முக்கியமானவை.

இவை செய்யும் வேலை சிறியதன்று. வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று சுழலும். தலையிலிருந்து வருவது வெறும் காந்தத் துடிப்புகளின் வரிசை. இரட்டை அடர்த்தி எம்எஃப்எம் முறையில் அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையே 4, 6 அல்லது 8 மைக்ரோ நொடி இடைவெளி இருக்கும். அந்த மூன்று இடைவெளிகளையும் பிரித்தறிந்து, பிட்டாக்கி, எட்டெட்டாகச் சேர்த்து பைட்டாக்கி, சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு, அடுத்த பைட் வருமுன் கணினியிடம் கொடுத்தாக வேண்டும். ஒரு பைட்டுக்கு 32 மைக்ரோ நொடி. அன்றைய 1 மெகாஹெர்ட்ஸ் செயலி ஒன்றுக்கு அது சில கட்டளைகளுக்கு மட்டுமே போதும் நேரம்.

இந்த ஐசிகளை இன்று எந்த ஆலையும் புதிதாக வார்ப்பதில்லை. ஆனால் தேவை முழுதாகப் போய்விடவில்லை. சோனி 2011 மார்ச்சில் ஃப்ளாப்பி வட்டு உற்பத்தியை நிறுத்தியது. அமெரிக்க அணு ஆயுதப் படையின் செய்தித் தொடர்பு அமைப்பு 2019 வரை 8 அங்குல வட்டில் ஓடியது. சான் பிரான்சிஸ்கோவின் முனி மெட்ரோ ரயில்களின் தானியங்கிக் கட்டுப்பாடு 1998இல் நிறுவப்பட்டது. காலையில் மென்பொருள் ஏறுவது ஃப்ளாப்பியிலிருந்து. அதை மாற்ற 2024இல் ஹிட்டாச்சி ரயில் நிறுவனத்தோடு 21 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் போடப்பட்டது. அரசு அலுவல்களில் ஃப்ளாப்பியைக் கட்டாயமாக்கிய ஆயிரத்துச் சொச்சம் விதிகளை ஜப்பான் நீக்கி முடித்ததும் அதே 2024இல்தான். பூத்தையல் இயந்திரங்களும் பழைய சிஎன்சி இயந்திரங்களும் தனிக் கணக்கு. இவர்களோடு அருங்காட்சியகங்கள், பழைய கணினிகளை உயிரோடு வைத்திருக்கும் ஆர்வலர்கள் ஆகியோரும் சேர்ந்தால் ஒரு சந்தை தேறிவிடும். அந்தச் சந்தையில் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றே: வட்டு படிக்கவில்லை, ஐசி எங்கே கிடைக்கும்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. ஐசி உண்மையிலேயே செத்திருக்கிறதா என்பதுதான்.

பெரும்பாலும் செத்திருக்காது. நாற்பது கால்களோடு போர்டின் நடுவில் பெரிதாக உட்கார்ந்திருப்பதாலும், பெயர் தெரிந்த ஒரே பாகம் அதுவே என்பதாலும் பழி முதலில் அதன்மேல் விழுகிறது. வட்டு படிக்காமல் போக வழிகள் ஏராளம். தலையில் வட்டின் ஆக்சைடு அப்பியிருக்கும். ஆம்ஸ்ட்ராட், ஸ்பெக்ட்ரம் +3 ஆகியவற்றின் 3 அங்குல டிரைவில் ரப்பர் பெல்ட் இழுபட்டிருக்கும், சிலவற்றில் உருகிக் கூழாகியிருக்கும். டிரைவின் தலை நகரும் தண்டில் பழைய கிரீஸ் இறுகிப்போயிருக்கும். கட்டுப்பாட்டு ஐசிக்கும் டிரைவுக்கும் நடுவே நிற்கும் 7406, 7416, 7438 போன்ற சாதாரண டிரைவர் ஐசிகள்தான் கேபிள் வழியாக வரும் அடியை முதலில் வாங்குபவை. ஷுகார்ட் முறை இணைப்பில் இணைப்பு வரிசையின் கடைசி டிரைவில் 150 ஓம் மின்தடைத் தொகுப்பு இருக்க வேண்டும். யாரோ எப்போதோ டிரைவை மாற்றியபோது அது கழன்றிருந்தால் துடிப்புகள் சிதையும், ஒரு நாள் படிக்கும், ஒரு நாள் படிக்காது.

கேபிளைத் திருப்பிச் செருகுவது இன்னொரு தனிக்கதை. 34 முனைக் கேபிளில் ஒற்றைப்படை முனைகள் எல்லாம் தரை. இரட்டைப்படை முனைகளில் சமிக்ஞைகள். தலைகீழாகச் செருகினால் எல்லாச் சமிக்ஞைகளும் தரைக்குப் போய்விடும். தரை என்றால் இந்த இணைப்பில் 'செய்' என்று பொருள். டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டேயிருக்கும், மோட்டார் சுற்றிக்கொண்டேயிருக்கும். எழுது என்ற கட்டளையும் அதே நேரத்தில் போவதால், உள்ளே வட்டு இருந்தால் தலை நின்ற தடம் அழிந்துபோகும். விளக்கு அணையவில்லை என்றவுடன் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கேபிளைப் பார்ப்பது நல்லது.

ஐசி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க டிரைவே தேவையில்லை. வெஸ்டர்ன் டிஜிட்டல் குடும்பம் முழுவதிலும் செக்டர் ரிஜிஸ்டர் ஒன்று உண்டு. அதில் எதை எழுதினாலும் திரும்பப் படிக்கலாம். டிஆர்எஸ்-80 மாடல் I கணினியின் விரிவாக்கப் பெட்டியில் 1771 இருக்கிறது. அதன் நான்கு ரிஜிஸ்டர்களும் நினைவக முகவரி 14316 முதல் 14319 வரை அமர்ந்திருக்கின்றன. பிரேக் விசையை அழுத்தியபடியே கணினியை இயக்கினால் அது வட்டைத் தேடாமல் நேராக பேசிக்குக்குப் போகும். அங்கே போக் கட்டளையால் 14318இல் 85 என்று எழுதி, பீக் மூலம் படித்துப் பார்க்கலாம். அடுத்து 170. இவ்விரண்டும் ஒன்றுவிட்டு ஒன்றாக பிட்டுகள் மாறும் எண்கள். இரண்டும் மாறாமல் திரும்பி வந்தால் எட்டு தரவுத் தடங்களும், முகவரித் தேர்வும், ஐசியின் கணினிப் பக்கமும் நலம். 255 மட்டுமே வந்துகொண்டிருந்தால், ஐசிமேல் சந்தேகப்படுவதற்கு முன் அதற்கு மின்சாரம் வருகிறதா என்று மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 1771 பழைய தலைமுறை. அதற்கு +5, +12, −5 என மூன்று மின்னழுத்தங்களும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் பேசாது. 765 குடும்பத்திலோ ஓய்வாக இருக்கும்போது முதன்மை நிலை ரிஜிஸ்டர் 128 என்று சொல்ல வேண்டும். ஆம்ஸ்ட்ராட் சிபிசியில் எஃப்பி7இ என்ற பதினறும முகவரித் துறையைப் படித்தால் அது தெரிந்துவிடும்.

கணினிப் பக்கம் சரி என்றால் ஆசிலாஸ்கோப்பை எடுத்து வட்டுப் பக்கம் போகலாம். 5¼ அங்குல டிரைவுக்கு 1793இன் கடிகார முனையில் 1 மெகாஹெர்ட்ஸ் வர வேண்டும். இன்டெக்ஸ் முனையில் 200 மில்லி நொடிக்கு ஒரு துடிப்பு வர வேண்டும். அது வராவிட்டால் சுற்று எண்ண முடியாமல் ஐசி காத்துக் கிடக்கும். தலை இறங்கியாயிற்று என்று சொல்லும் எச்எல்டி முனை உயராவிட்டாலும் படிக்கும் கட்டளை முடியவே முடியாது. இந்த இரண்டில் எது குறைந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஐசி செத்ததுபோலவே தெரியும்.

இன்னொன்று, துடிப்பிலிருந்து தரவைப் பிரிக்கும் சுற்று. 1771க்குள்ளேயே ஒரு தரவுப் பிரிப்பான் இருந்தது. அதை நம்பவேண்டாம், வெளியில் தனியாக வையுங்கள் என்று வெஸ்டர்ன் டிஜிட்டலே சொல்லியிருந்தது. டான்டி நிறுவனம் மாடல் I பெட்டியில் உள்ளே இருந்ததையே பயன்படுத்தியது. செக்டர் பிழைகள் கொட்டின. பெர்காம் போன்ற வெளி நிறுவனங்கள் தரவுப் பிரிப்பானைத் தனி அட்டையாகச் செய்து விற்றே காசு பார்த்தன. இன்று அந்தப் பெட்டி ஒன்று படிக்கத் திணறினால், அது பழுதாகவே இருக்க வேண்டியதில்லை, பிறவிக் குணமாகவும் இருக்கலாம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பிந்தைய 2793இல் பிரிப்பான் உள்ளேயே வந்தது, ஆனால் வெளியே திருகி வைக்க வேண்டிய ட்ரிம்மர்களோடு. டெஸ்ட் முனையைத் தரையோடு இணைத்துவிட்டு, திசை முனையில் 250 கிலோஹெர்ட்ஸ் வரும்வரை ட்ரிம்மரைத் திருக வேண்டும். நாற்பது ஆண்டில் அந்த அளவு நகர்ந்திருக்கும். நல்ல ஐசியைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிதாக வாங்கியதைப் போட்டு, அதுவும் படிக்கவில்லையே என்று தலையில் கை வைப்பது இந்த வகைக் கணினிகளில் நடக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஐசிதான் குற்றவாளி என்றால், மாற்று எது என்ற ஆராய்ச்சி தொடங்குகிறது. எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் எல்லாம் மாறும் உலகம் இது.

1791, 1793 இரண்டும் ஒரே உள்ளமைப்பு. 1791இல் தரவுத் தடம் தலைகீழ், 1793இல் நேர். மாற்றிப் போட்டால் ஐசி வேலை செய்யும், கணினிக்கு ஒன்றும் புரியாது. 1795, 1797 இரண்டும் அவற்றின் தம்பிகள். வட்டின் எந்தப் பக்கம் என்று சொல்லும் முனை கூடுதல், அதற்காக வேறொன்று குறைவு. ஆஸ்போர்ன் 1, கேப்ரோ II, டான்டி கலர் கம்ப்யூட்டரின் தொடக்க கால ஃப்ளாப்பி அட்டை ஆகியவற்றில் இருப்பது 1793. இதற்கு மிக நல்ல மாற்று ஃபுஜிட்சுவின் எம்பி8877. அதற்கு 5 வோல்ட் மட்டும் போதும். 1793க்கு 12 வோல்ட் வரும் 40ஆம் கால், 8877இல் உள்ளே எதனுடனும் இணைக்கப்படவில்லை. ஆகவே பழைய சாக்கெட்டில் அப்படியே உட்காரும். எதிர்த்திசையில் இது ஓடாது. 8877க்காக வடிவமைத்த போர்டில் 12 வோல்ட் தடமே இல்லாமல் இருக்கலாம். அங்கே 1793ஐச் செருகிவிட்டு ஐசி போலி என்று விற்றவரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

28 கால் வரிசையில் சிக்கல் இன்னும் நுணுக்கம். 1770, 1772 இரண்டுக்கும் கால்கள் ஒன்றே, கட்டளைகள் ஒன்றே. தலையை ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு நகர்த்தும் வேகம் மட்டும் வேறு. நான்கு வேகங்களில் ஒன்றை இரண்டு பிட்டுகளால் தேர்ந்தெடுக்க வேண்டும். 1770இல் அவை 6, 12, 20, 30 மில்லி நொடி. 1772இல் 6, 12, 2, 3. அடாரி எஸ்டியில் 1772 இருக்கிறது, மென்பொருள் 3 மில்லி நொடி கேட்கிறது. அங்கே 1770ஐப் போட்டால் அதே பிட்டுகளுக்கு 30 மில்லி நொடி கிடைக்கும். டிரைவ் முனகிக்கொண்டு மெதுவாக நகரும், ஆனால் படித்துவிடும். நேர்மாறாக, 20 மில்லி நொடியில் மெதுவாக நகரும் பழைய டிரைவுக்கு எழுதப்பட்ட கணினியில் 1772ஐப் போட்டால், தலைக்கு 2 மில்லி நொடி இடைவெளியில் உத்தரவு போகும். அது பின்தங்கி, ஏழாம் தடம் என்று நினைத்து நான்காம் தடத்தில் நிற்கும். எஸ்டியில் 1.44 மெகாபைட் வட்டு வேண்டும் என்பவர்கள் 1772இன் கடிகாரத்தை 16 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது இரண்டு மடங்குக்கு, ஏற்றுவார்கள். 02-02 என்ற பின்னொட்டுள்ள பதிப்பு இதைத் தாங்கும் என்பதால் அந்த எண்ணுக்குக் கிராக்கி அதிகம்.

765 வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1980களின் பிசி ஃப்ளாப்பி அட்டைகளில் அதுவோ அதன் உறவோ இருந்தது. என்இசி, இன்டெல், ஸைலாக், யுஎம்சி என்று செய்தவர்களும் பலர், கிழக்கு ஜெர்மனியில்கூட யு8272 என்று ஒன்று வந்தது. ஆம்ஸ்ட்ராட் சிபிசியோ ஸ்பெக்ட்ரம் +3யோ பழுதானால், குப்பையில் கிடக்கும் பிசி அட்டையிலிருந்து எடுத்த 8272 பெரும்பாலும் போதும்.

மறுமுனையில் நிற்பது இன்டெல் 8271. ஒற்றை அடர்த்தி மட்டுமே தெரிந்த இந்த ஐசியை பிரிட்டனின் ஏக்கான் நிறுவனம் பிபிசி மைக்ரோவுக்குத் தேர்ந்தது. உலகம் இரட்டை அடர்த்திக்குப் போய்விட்டதால் 8271ஐ நாடியவர் குறைவு, கிடைத்ததும் குறைவு, விலையோ கூட. 1985இல் வந்த பிபிசி பி+ கணினியில் ஏக்கானே 1770க்கு மாறிவிட்டது. பழைய கணினிகளுக்கு, 1770ஐச் சுமந்து 8271இன் சாக்கெட்டிலேயே செருகிக்கொள்ளும் சிறு போர்டுகளைச் சில நிறுவனங்கள் விற்றன. கூடவே வட்டு இயக்கத்துக்கான ரோமையும் மாற்ற வேண்டும். சாதாரணக் கோப்புகளுக்கு இது போதும். 8271இன் ரிஜிஸ்டர்களை நேரே தொட்டு நகல் தடுப்புச் செய்த விளையாட்டுகள் மட்டும் 1770இல் ஓடாது. இந்தியாவில் 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' பள்ளிக் கணினித் திட்டத்தில் வந்ததும் இதே பிபிசி மைக்ரோதான். ஏதாவது பள்ளி அலமாரியில் வட்டு வசதியோடு ஒன்று கிடந்தால், கணினியைவிட உள்ளே இருக்கும் 8271க்கு அதிக விலை கேட்பவர் வரக்கூடும்.

இந்தக் கதையில் ஒரு முரண் இருக்கிறது. அன்று தனி ஐசி வாங்கக் காசுக்குக் கணக்குப் பார்த்தவர்கள் செய்த கணினிகளே இன்று எளிதில் பழுதுபார்க்கத் தக்கவையாக நிற்கின்றன. ஸ்டீவ் வோஸ்னியாக் 1978இல் வந்த ஆப்பிளின் டிஸ்க் II அட்டையை எட்டே ஐசிகளில் முடித்தார். கட்டுப்பாட்டு ஐசி என்று எதுவும் அதில் இல்லை. இரண்டு சிறு ப்ரோம்கள், ஒரு நகர்வு ரிஜிஸ்டர், ஒரு 556 டைமர், மற்றவை 74 வரிசைச் சாமான்கள். 74 வரிசை சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் கிடைக்கும் சரக்கு. ப்ரோமை நகலெடுத்துக்கொள்ளலாம். டிஸ்க் IIஇல் அடிக்கடி சாவது டிரைவுக்குள் இருக்கும் 74எல்எஸ்125. காரணம், கேபிளின் 20 முனை இணைப்பியில் தவறாகச் செருகுவதைத் தடுக்கும் பள்ளம் எதுவும் இல்லை. ஒரு முனை தள்ளிச் செருகினால் 12 வோல்ட் தர்க்கச் சுற்றுக்குள் பாயும், 125 கருகும். சில ரூபாய்ப் பாகம். அதைச் சாக்கெட்டில் வைத்துவிட்டு, கையிருப்பாக இன்னும் இரண்டை வாங்கி வைப்பதுதான் அனுபவசாலிகளின் வழக்கம். அதே டிரைவில் இருக்கும் மோட்டரோலாவின் எம்சி3470 என்ற படிப்புப் பெருக்கிக்குத்தான் சற்றே தேட வேண்டியிருக்கும்.

கமடோர் 1541 டிரைவும் இதே சாதி. உள்ளே ஒரு 6502 செயலி, இரண்டு 6522 துணை ஐசிகள், ரோம். முழுக் கணினி ஒன்றே டிரைவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பில் மென்ஷ் 1978இல் தொடங்கிய வெஸ்டர்ன் டிசைன் சென்டர் இந்த ஐசிகளின் சிமாஸ் வடிவங்களை இன்றும் விற்கிறது. புதிதாக வாங்கியதை அப்படியே செருகிவிட முடியுமா என்றால், கவனம் வேண்டும். பழைய 6502இல் முதல் கால் தரை. புதிய 65சி02இல் அதே கால் ஒரு வெளியீடு. அதைச் சாக்கெட்டில் நேரே வைத்தால் வெளியீடு தரையோடு குறுக்கிணையும், ஆகவே அந்தக் காலை வளைத்து வெளியே விட வேண்டும். ஆவணத்தில் இல்லாத கட்டளைகளை நம்பிய மென்பொருளும் புதியதில் தடுமாறும். 6522க்குப் பதிலாக வாங்குபவர் எண்ணின் கடைசியில் எஸ்ஸா என்னா என்று பார்த்து வாங்க வேண்டும். என் வகைதான் பழையதைப் போலக் குறுக்கீட்டுத் தடத்தைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும்.

சரி, எங்கே வாங்குவது? மூன்று ஊற்றுகள் உண்டு. கிடங்கில் பெட்டி பிரிக்காமல் கிடந்த பழைய புதுச்சரக்கு ஒன்று. செத்த போர்டுகளிலிருந்து கழற்றியது இன்னொன்று. மூன்றாவது, சோவியத் நகல்.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேஆர்1818விஜி93 என்பது 1793இன் சோவியத் நகல். பென்டகன், ஸ்கார்பியன் போன்ற ரஷ்ய ஸ்பெக்ட்ரம் கணினிகளில் பீட்டா 128 வட்டு இணைப்பின் இதயம் அது. ஆகவே ஏராளமாகச் செய்யப்பட்டது. 12 வோல்ட் இதற்கும் வேண்டும். மேற்கத்திய போர்டில் பொருத்தும்போது ஒரு சின்ன இடைஞ்சல். மேற்கத்திய ஐசியில் கால்களுக்கிடையே 2.54 மில்லிமீட்டர், சோவியத் ஐசியில் 2.5. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான். ஆனால் 20 கால் வரிசையில் 19 இடைவெளிகள் சேர்ந்தால் 0.76 மில்லிமீட்டர். நடுக் கால்கள் நேராக இறங்கும்போது இரு ஓரக் கால்கள் துளையின் விளிம்பில் முட்டும். ஓரக் கால்களை மெல்ல வெளியே சாய்த்து, சாக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி இறக்க வேண்டும்.

கழற்றிய சரக்கில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. 1772 வேண்டுமென்றால் பழுதான அடாரி எஸ்டிதான் கைக்கெட்டும் ஊற்று. ஒரு கணினியைக் காப்பாற்ற இன்னொன்றைப் பிரிக்க வேண்டும். பழுதானது என்று விற்கப்படும் எஸ்டிகளில் பல, நல்ல கையில் போனால் பிழைக்கக் கூடியவை. ஐசியின் விலை ஏற ஏற, முழுக் கணினியைவிட அதன் உதிரிகள் கூட்டாக அதிகம் பெறும் நிலை வருகிறது. போர்டில் மின்தகடு அரித்தோ உடைந்தோ மீளாதது என்று உறுதியானவற்றை மட்டும் பிரிப்பது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நியாயம். சந்தை அந்த வரம்பை மதிப்பதில்லை.

பழைய புதுச்சரக்கு என்று விற்பதில் போலி மலிந்திருக்கிறது. இது ஆர்வலர்களின் பிரச்சினை மட்டும் அன்று. அமெரிக்க செனட்டின் படைத்துறைக் குழு 2012இல் வெளியிட்ட அறிக்கை, ராணுவ விநியோகத்தில் போலி என்று ஐயுறத்தக்க சுமார் 1,800 நேர்வுகளையும், அவற்றில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாகங்களையும் கண்டது. மூலம் தேடிப் போனால் பெரும்பாலும் சீனாவில் முடிந்தது. குவாங்டாங் மாகாணத்துக் குவியூ போன்ற இடங்களில் மின்குப்பையிலிருந்து பிரித்த ஐசிகளின் மேற்பரப்பைத் தேய்த்து, கருப்புப் பூச்சு பூசி, புது எண் அச்சிட்டு விடுகிறார்கள். சில வேளை உள்ளே இருப்பது சரியான ஐசியே, தேதி மட்டும் புதிது. சில வேளை மலிவான இனத்தின் முதுகில் விலை கூடிய இனத்தின் எண். இன்னும் சில வேளை உள்ளே இருப்பது என்னவென்று யாருக்கும் தெரியாது.

கண்டுபிடிக்கச் சில வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன. தேதிக் குறி நான்கு இலக்கம். 8532 என்றால் 1985ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். உற்பத்தி நின்று பல ஆண்டுக்குப் பிந்திய தேதி இருந்தால் கேட்கவே வேண்டாம். மேற்பரப்பு ஒருபக்கம் சொரசொரப்பாகவும் ஓரம் வழவழப்பாகவும் இருக்கக் கூடாது. முதல் காலைக் காட்டும் குழியின் அடி, பூச்சு தேங்கி மேடாகியிருக்கக் கூடாது. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தால் கருமை ஒட்டி வந்தால் முடிந்தது கதை. ஒரே குழாயில் வந்த பத்து ஐசிகளின் அடிப்பக்க அச்சு வார்ப்புகள் பத்து விதமாக இருந்தாலும் அப்படியே. கால்களில் பழைய ஈயத்தின் தடம் இருப்பது மட்டும் குற்றமன்று. 'கழற்றியது' என்று நேர்மையாகச் சொல்லி, சோதித்து விற்கப்படும் ஐசியே பல நேரம் பளபளக்கும் 'புதிய' சரக்கைவிட நம்பத் தக்கது.

கையில் ஐசி வந்த பிறகு போர்டு சேதமாகாமல் பழையதை எடுக்க வேண்டும். 40 கால் ஐசியை முழுதாகக் கழற்ற முயன்று, துளைகளின் செப்பு வளையத்தைப் பிய்த்தெடுத்த போர்டுகள் கணக்கற்றவை. ஐசி செத்தது உறுதி என்றால் அதன் மேல் இரக்கம் காட்டத் தேவையில்லை. நுனி கூர்மையான கட்டரால் கால்களை உடலோரமாக வெட்டி, உடலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி உருவலாம். துளையில் பழைய ஈயம் அடைத்திருந்தால் முதலில் கொஞ்சம் புது ஈயம் சேர்த்துப் பிறகு உறிஞ்சினால் எளிதாக வரும். தரைத் தடத்தோடு சேர்ந்த கால் மட்டும் சூட்டை விழுங்கிக்கொண்டு அடம்பிடிக்கும், அங்கே அவசரப்படக் கூடாது. பிறகு கடைந்த முனைகள் கொண்ட நல்ல சாக்கெட்டை வைக்க வேண்டும். பழைய கணினிகளின் மலிவுச் சாக்கெட்டே பல நேரம் பழுதாகிறது. ஐசியைச் சற்று அழுத்தியதும் கணினி பிழைத்துக்கொண்டால் காரணம் ஐசி இல்லை, சாக்கெட்டின் தளர்ந்த தகடு.

இவ்வளவு பாடுபட வேண்டுமா, புதிய மின்னணுவைக் கொண்டு இந்த ஐசியையே போலி செய்துவிடலாமே என்று கேட்பது நியாயம். எஃப்பிஜிஏவில் 1772ஐ எழுதி, முழு அடாரி எஸ்டியையே மறு ஆக்கம் செய்த திட்டங்கள் உண்டு. 1541 டிரைவை முழுதாகத் தனக்குள் நடிக்கும் அட்டைகளும் கமடோர் 64க்கு விற்கின்றன. பழைய போர்டின் சாக்கெட்டிலேயே அமரும் மாற்று என்றால்தான் கடினம். இன்றைய எஃப்பிஜிஏக்கள் 3.3 வோல்ட்டில் ஓடுபவை, பழைய தடங்கள் 5 வோல்ட். நடுவே மின்னழுத்த மாற்றிகள் வேண்டும், எல்லாம் சேர்ந்து 40 கால் ஐசியின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். செய்ய முடியாதது அன்று, ஆனால் நூறோ இருநூறோ பேர் வாங்கும் பொருளுக்கு யார் ஓராண்டு உட்கார்ந்து செய்வார்? ஸைலாக் நிறுவனம் இஸட்80 செயலியின் பழைய வடிவத்தையே நிறுத்துவதாக 2024 ஏப்ரலில் அறிவித்து, ஜூன் 14 வரை மட்டும் ஆர்டர் ஏற்றது. கோடிக்கணக்கில் ஓடிய அந்தச் செயலிக்கே இந்தக் கதி என்றால், 8271க்குப் புது ஆலை தேடுவது வீண் ஆசை.

கோடெக் என்ற யுஎஸ்பி டிரைவ் போலியை இந்தச் சிக்கலுக்குத் தீர்வு என்று நினைத்து வாங்கி ஏமாறுபவர்களும் உண்டு. அதில் ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற திறந்த மென்பொருளை ஏற்றினால் பழைய கணினிகள் பலவற்றோடு அழகாக வேலை செய்யும். ஆனால் அது மாற்றுவது டிரைவை மட்டும். கட்டுப்பாட்டு ஐசி செத்த கணினியில் கோடெக்கும் ஊமை. பூத்தையல் இயந்திரம் வைத்திருப்பவருக்கு டிரைவும் வட்டும்தான் தலைவலி என்பதால் அவருக்கு இது போதும். அவருடைய ஐசி கேபிளைத் தலைகீழாகச் செருகாதவரை இன்னும் பல ஆண்டு ஓடும்.

வட்டில் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், கட்டுப்பாட்டு ஐசியே இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. கிரீஸ்வீசல், கிரியோஃப்ளக்ஸ் போன்ற சிறு பலகைகள் டிரைவை நேரே யுஎஸ்பிக்கு இணைத்து, தலையிலிருந்து வரும் காந்தத் துடிப்புகளின் நேர இடைவெளிகளை அப்படியே பதிவு செய்துகொள்கின்றன. எஃப்எம், எம்எஃப்எம், ஆப்பிள், கமடோர் என்ற பாகுபாடு அவற்றுக்கில்லை. பிரித்துப் பொருள் காண்பது பிறகு மென்பொருளின் வேலை. நகல் தடுப்புக்காக வேண்டுமென்றே கெடுத்து எழுதிய செக்டர்களும் அந்தப் பதிவில் கெட்டபடியே வந்துவிடும். அப்படிப் பதிந்த பிபிசி மைக்ரோ விளையாட்டு ஒன்றை மீண்டும் உண்மையான கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால், படிமத்தை கோடெக்கில் ஏற்றி, 34 முனைக் கேபிளைச் செருகி, அந்தக் கேபிளின் மறுமுனையில் வேலை செய்யும் 8271 ஒன்று இருக்கிறதா என்றுதான் மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கிறது.